பெரிய லீவுக்கான டியூ

என் அக்கா ரோட்டில் ஒரு மாதிரி, மேஜைக்கு முன்னால் வேறு மாதிரி. ரோட்டில் அவள் வேனை மறித்துக்கொண்டு எந்த லாரிக்காரன் வந்தாலும் கண்ணாடியை இறக்கி, அவன் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுத்தான் வழி விடுவாள். வேனில் வரும் பிள்ளைகள் இதைக் கேட்டுக் கெட்டுப்போகிறார்கள் என்று பெற்றோர் சிலர் குறை சொன்னதுகூட உண்டு. அதே அக்காவை ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார வைத்து, எதிரே ஒரு கம்ப்யூட்டரையும் சட்டையை உள்ளே விட்ட ஓர் ஆளையும் வைத்துவிட்டால் போதும், பரீட்சையில் பெயிலான பிள்ளை மாதிரி ஆகிவிடுவாள். எல்லாவற்றுக்கும் 'சரி சார்'தான். ஏன் என்று ஒரு வார்த்தை வாயில் வராது.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். சொந்த வேன், பழையது வாங்கியது. இடதுபக்கக் கதவை ஒரு தட்டுத் தட்டினால்தான் மூடும். எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எது தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு இறங்கும், எந்த வீட்டில் காலையில் சண்டை நடந்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாந்திக்காரப் பிள்ளைகளுக்கு முன் சீட், சண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜன்னல் சீட் என்று அவளே ஒரு சட்டம் வைத்திருக்கிறாள்.

வீடு மூன்றாம் மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போடக் கம்பி கட்டிய ஒரு பால்கனி. சமையலறைச் சுவரில் டைல்ஸ் பாதி உயரத்தோடு நின்றுவிடும். கையில் காசு தீர்ந்த இடத்தில் டைல்ஸும் தீர்ந்தது. பால்கனியில் நின்றால் கீழே வேன் தெரியும். காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் போய் வண்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். தன் வீட்டிலிருந்து தன் வண்டியைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு நிறைவு. அதைக் கேலி செய்திருக்கிறேனே தவிர, அது எனக்கும் பிடிக்கும்.

வீட்டுப் பத்திரம் அவள் பேரில். கடன் மட்டும் இரண்டு பேர் பேரில், ஏனென்றால் அப்போது அவள் வீட்டுக்காரர் ஒரு டைல்ஸ் கடையில் மாதச் சம்பளத்தில் இருந்தார். அவரை அத்தான் என்று கூப்பிடுவதை நான் நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. நான் வைத்த பெயர் துரை. குடிக்கிற தண்ணீருக்குக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? கைக்கு எட்டிய பணமெல்லாம் துரையின் பணம். அலமாரியில் வைத்தால் மறுநாள் அலமாரி இருக்கும், பணம் இருக்காது. கடனுக்காக பேங்கில் திறந்த சேமிப்புக் கணக்கும் இரண்டு பேர் பேரில்தான். அதன் கார்டு துரையின் சட்டைப்பையில் இருந்தது.

அதனால் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். மாதத் தவணையை, அவள் பாஷையில் டியூவை, கவுன்டரில் ரொக்கமாக நேரே கடன் கணக்கிலேயே கட்டிவிடுவாள். அங்கே போன பணத்தில் துரை கை வைக்க முடியாதல்லவா?

இதில் வேன்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பெரிய லீவு இரண்டு மாதமும் வண்டி ஓடாது. ஓடாத வண்டிக்கு எந்தப் பெற்றோரும் காசு தர மாட்டார்கள். பேங்குக்கோ லீவே கிடையாது. ஆகவே லீவு வருவதற்கு முன்பே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஞாயிற்றுக்கிழமையும் வாடகைக்கு ஓட்டி, லீவு மாதங்களின் டியூவையும் சேர்த்து முன்கூட்டியே கட்டிவிடுவாள். லீவில் பேங்கிலிருந்து போன் வந்தால், அதெல்லாம் முன்னாடியே கட்டியாச்சு என்பாள். அந்தப் பக்கத்துப் பெண் எதையோ படிப்பதுபோல் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். பள்ளிக்கூடம் திறந்ததும் பெற்றோர் கொடுக்கும் அட்வான்ஸையும், கடன் சீக்கிரம் தீரட்டும் என்று கொண்டுபோய்க் கட்டுவாள். எங்கள் குடும்பத்திலேயே நாணயமாகக் கடன் கட்டுகிறவள் தான்தான் என்று அவளுக்கு ஒரு பெருமை. எனக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு.

மகள் சின்ன வகுப்பில் இருந்தபோது துரை வேறு ஊரில் வேலை என்று போனார். வேலை மட்டும் இல்லை, வேறு ஒரு வீடும் அங்கே இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அக்கா அவரிடம் ஏன் என்று கேட்கவே இல்லை. ஆள் போன பிறகும் முன்கூட்டியே கட்டும் பழக்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

போன வருடம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் பேங்க் அவள் கழுத்தைப் பிடித்தது. முதல் சில வருடங்களுக்கு ஒரே வட்டி, அப்புறம் சந்தையில் என்ன வட்டியோ அது என்பது ஒப்பந்தம். அந்தச் சில வருடங்கள் முடிந்திருந்தன. டியூ ஒரே தாவாகத் தாவியது. டீசல் போட்டு, மகளுக்கு ஃபீஸ் கட்டி, மிச்சத்தை எண்ணினால் டியூவுக்குப் பற்றவில்லை. உண்மையாகவே டியூ தவறியது அப்போதுதான், அவளுக்குத் தெரிந்தவரை வாழ்க்கையில் முதல் தடவை. மூன்று டியூ சேர்ந்தாற்போல் நின்றால் வீட்டை எடுக்கும் வேலை ஆரம்பமாகும் என்று பேங்கிலிருந்து ஓர் ஆள் வந்து வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனான். எதிர் வீட்டுக் கதவு லேசாகத் திறந்து மூடியது.

அந்த மாதங்களில் அக்கா பாதியாகிவிட்டாள். வேனைத் துடைப்பதை நிறுத்தினாள். ரோட்டில் எவன் குறுக்கே வந்தாலும் பேசாமல் வழி விட்டாள். அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. ஒருநாள் அவள் மகள் என் வீட்டுக்கு வந்து, என் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னடி என்றேன்.

"வீட்ட எடுத்துட்டாங்கன்னா என் புக்ஸ மட்டும் இங்க வச்சுக்கலாமா சித்தி? இடம் இருக்குமா?"

என்னத்தைச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு போய்ப் படி என்று அதட்டி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வேனில் வரும் ஒரு பிள்ளையின் அப்பாதான் வழி சொன்னார். இன்னொரு பேங்கில் வட்டி குறைவு, கடனை அங்கே மாற்றிக்கொண்டால் அவர்கள் பழைய பேங்குக்கு மொத்தமாகக் கட்டிவிடுவார்கள், உங்கள் டியூ இறங்கிவிடும் என்றார். அக்கா போனாள். எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, நினைத்தபோது லீவு போட முடியாது. மற்றவர்களுக்குக் கண் தெரிய வைத்துக்கொண்டு நான் கடையிலேயே கிடந்தேன். அவள் தனியாகத்தான் போனாள்.

அங்கே அவளை உட்கார வைத்தது சட்டையை உள்ளே விட்ட ஒரு தம்பி. பத்திரத்தைப் பார்த்தார், வேன் வருமானத்தைப் பார்த்தார், கடைசியில் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். பிரிந்து இருக்கிறோம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அந்தத் தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை அவள் வீட்டுக்கு வந்து அப்படியே என்னிடம் ஒப்பித்தாள்.

"தனியா இருக்கற லேடீஸ்னா மேல கொஞ்சம் யோசிப்பாங்கம்மா. வீட்டுக்காரர் வந்து ஒரு கையெழுத்து போட்டா ஃபைல் ஸ்ட்ராங்கா இருக்கும்."

அவர் சொன்னபடியே கொஞ்ச நாளில் கடன் கிடையாது என்று செய்தி வந்தது. காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் காரணம் தெரியுமே, கையெழுத்துப் போட ஆம்பிளை இல்லை. போன் பண்ணியாவது கேள் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கேட்டு என்ன ஆகப்போகிறது, அவமானம்தான் மிச்சம் என்றாள்.

பிறகு என்னிடம் சொல்லாமலேயே அவள் துரைக்குப் போன் செய்தாள்.

துரைக்கு அது நல்ல சமயம். அந்த ஊரில் வேலையும் போயிருந்தது, அந்த இன்னொரு வீட்டிலும் சோறு நின்றுபோயிருந்தது. கையெழுத்துத்தானே, போடுகிறேன் என்றார். ஆனால் வெளியாள் மாதிரி வந்து போட்டுவிட்டுப் போக முடியாது, குடும்பம் என்றால் குடும்பமாக இருக்க வேண்டும் என்று ஒரு நியாயம் பேசினார். ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். முன்னறை அவருக்கு ஆனது. அக்காவும் மகளும் உள்ளறைக்கு ஒதுங்கினார்கள். மகள் படிக்கிற மேஜை முன்னறையில் இருந்தது, அதில் துரையின் ஷேவிங் சாமான் ஏறியது. பெண் கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதினாள். நான் போனபோது டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், வாம்மா என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவைச் சமையலறைக்கு இழுத்துப் போய், உனக்குப் பைத்தியமா என்று கேட்டேன். அவள் பாதிச் சுவர் டைல்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வீடு போனா அவளும் நானும் எங்கடி போவோம்? இவர் இருந்துட்டுப் போகட்டும். வீடு இருக்கும்ல?"

என் வீட்டில் ஒற்றை அறைதான் இருக்கிறது. வா என்று கூப்பிடத் துணிவில்லாதவள் அறிவுரை சொல்லி என்ன பயன்?

துரை கையெழுத்துப் போட்டார். அதற்கு ஒரு புதுச் சட்டை கேட்டு வாங்கிக்கொண்டார். மறுபடி ஃபைல் போனது, விண்ணப்ப ஃபீஸை மறுபடி கட்டினாள். பெரிய லீவு நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறு ஓட்டத்தில் வந்த காசை வைத்து, மூன்றாவது டியூ நிற்காமல் எப்படியோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் இரண்டாவது தடவையும் கடன் கிடையாது என்று வந்தது.

அன்றைக்கு அக்கா அழவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு வேனை எடுத்துக்கொண்டு வந்து என் கடை வாசலில் நிறுத்தி, உள்ளே வராமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலாளியிடம் சொல்லிவிட்டு ஏறினேன். நேரே பேங்குக்கு விடு என்றேன். எதற்கு என்றாள். சண்டைக்கு என்றேன்.

சட்டையை உள்ளே விட்ட தம்பி எங்களைப் பார்த்ததும் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் அவரைத் தாண்டி மேனேஜர் அறைக்குள் போனேன். மேனேஜர் ஒரு பெண், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பவர் போதாமல் சிரமப்படுகிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. இரண்டு தடவை இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள், ஏன் இல்லை என்று தெரிய வேண்டும் என்றேன். அவர் கோபப்படுவார், நாமும் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். அவர் சாதாரணமாகத் தலையாட்டினார்.

"தாராளமா. காரணத்தைக் கேக்கறது கடன் கேட்டவங்களோட உரிமை. கேட்டா எழுதிக் குடுத்துத்தான் ஆகணும். நீங்க முதல் தடவையே கேட்டிருக்கலாமே?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

எடுத்துக் கொடுத்த தாளில் காரணம் ஒரே வரி. ஒவ்வொரு வருடமும், சேர்ந்தாற்போல் இரண்டு மாதம் தவணை தவறியிருக்கிறது. வட்டி ஏறியதில் நின்ற டியூவைக்கூட அதில் பெரிதுபடுத்தவில்லை. மற்றபடி பத்திரம் சரி, வருமானம் சரி. எந்த இரண்டு மாதம் என்று நான் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவுக்கும் தெரிந்துவிட்டது.

கட்டினேன் மேடம், முன்னாடியே கட்டினேன் என்று அவள் பையில் எப்போதும் வைத்திருக்கும் ரசீதுகளை எடுத்து மேஜையில் பரப்பினாள். எல்லா வருடத்து ரசீதும் இருந்தன. மேனேஜர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளக்கினார். முன்கூட்டி வந்த பணத்தைப் பழைய பேங்க் லீவு மாத டியூவாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கூடுதல் பணம் என்று அசலில் கழித்துவிட்டது. லீவு மாதம் வந்தபோது அந்த மாதத்து டியூ வரவில்லை, ஆகவே தவறியவள். பள்ளிக்கூடம் திறந்ததும் அவள் கொட்டிய அட்வான்ஸ், நின்றுபோன டியூவுக்கும் அபராதத்துக்கும் போயிருக்கிறது. இது இன்னின்ன மாதத்து டியூ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அப்படி எழுத வேண்டும் என்று அந்தக் கவுன்டரில் இத்தனை வருடமும் எவனும் அவளிடம் சொல்லவில்லை. அசல் குறைந்தது லாபம்தான், ஆனால் எல்லா பேங்கும் பார்க்கிற கடன் பதிவில் பேர் கெட்டது என்றார்.

அக்கா ரசீதுகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். ஒரு மேஜைக்கு முன்னால் அவள் கேள்வி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப, அவர் கையெழுத்து எதுக்குக் கேட்டீங்க?"

யார் கையெழுத்து என்றார் மேனேஜர். நான் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த தம்பியைக் காட்டி, அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் சொன்னேன். மேனேஜரின் முகம் மாறியது.

"வீட்டுக்காரர் இல்லேன்னு யாருக்கும் கடனை மறுக்கக் கூடாதும்மா. பத்திரம் உங்க பேர்ல, வருமானம் உங்களுது. அந்தக் கையெழுத்தே தேவையில்ல."

தம்பியைக் கூப்பிட்டார். அவர் வந்து, ஒரு சேஃப்டிக்காகச் சொன்னேன் மேடம் என்றார். யாருடைய சேஃப்டிக்கு என்று நான் கேட்டேன். அவரை உதைக்க வேண்டும் என்று என் கால் துடித்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் நல்ல மனுஷிதான். செய்ய வேண்டியதைச் சொல்லி அனுப்பினார். பழைய பேங்குக்கு ரசீது நகல்களோடு எழுதி, கணக்கைத் திருத்தச் சொல்ல வேண்டும். அவர்கள் திருத்தலாம், திருத்தாமலும் போகலாம். அந்தத் தம்பியைப் பற்றிய புகாரைத் தானே மேலே அனுப்புவதாகச் சொன்னார். இனிமேல் லீவுப் பணத்தை முன்கூட்டிக் கட்டாமல் கையில் வைத்திருந்து, அந்தந்த மாதம் அந்தந்தத் தேதியில் கட்ட வேண்டும். இந்த லீவு தவறாமல் போனால், அக்கா பேரில் மட்டும் மறுபடி விண்ணப்பிக்கலாம். அதுவரைக்கும் பழைய வட்டிதான்.

வேனில் ஏறி, கதவை ஒரு தட்டுத் தட்டி மூடிவிட்டு, அக்கா சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் திரும்பக் கேட்க விரும்பவில்லை.

"அவர்கிட்டேர்ந்து காப்பாத்தத்தான்டி முன்னாடியே கட்டினேன். அதனாலதான் பேர் கெட்டுது. பேர் கெட்டதுக்கு மருந்துன்னு அவரையே கூட்டிட்டு வந்து வச்சிருக்கேன்."

சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள், பிள்ளைகளை ஏற்றும் நேரமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் துரையிடம் சொல்லிவிட்டாள். உங்க கையெழுத்து தேவையில்லையாம், நீங்க கிளம்பலாம் என்று. அவர் டிவியின் சத்தத்தைக் குறைக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டாயிற்று, இனிமேல் இது என் வீடும்தான், எங்கே போகச் சொல்கிறாய் என்று கேட்டார். அது பொய். பத்திரத்தில் பேர் இல்லாத ஆளை வெளியே அனுப்பவும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கும் இன்னொரு மேஜை, இன்னொரு கம்ப்யூட்டர், இன்னொரு சட்டையை உள்ளே விட்ட ஆள். போவோம் என்று நான் சொல்லியிருக்கிறேன். அக்காவும் தலையாட்டியிருக்கிறாள். பழைய பேங்கிலோ, மனு கிடைத்தது, பார்க்கிறோம் என்பதோடு சரி.

பள்ளிக்கூடம் மூடிய அன்று, கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு அக்கா நேரே என் வீட்டுக்கு வந்தாள். வேன் துடைக்கும் மஞ்சள் துணியில் ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். லீவு மாதங்களுக்கான டியூ. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளின் பணம் அது என்று எனக்குத் தெரியும். எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. உன் பேரில் மட்டும் ஒரு கணக்கு திறந்துவிடலாம், நாளைக்கே போகலாம் என்றேன். போகலாம் என்றாள். ஆனால் பொட்டலத்தை என் கையிலிருந்து திரும்ப வாங்கவில்லை.

"இன்னிக்கு இங்கயே இருக்கட்டும். என் வீட்டுல வைக்க இடமில்லடி."

எந்த வீட்டுக்காக இத்தனையும் செய்தாளோ, அந்த வீட்டைத்தான் சொன்னாள். என் அலமாரியில் அவள் மகளின் புத்தகங்கள் ஏற்கெனவே ஒரு தட்டு முழுக்க இருந்தன. அவற்றுக்குப் பின்னால் பொட்டலத்தை வைத்துப் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதை வேன் சாவியோடு ஒரே வளையத்தில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.